எல்ஸ்பெத்தின் கட்டைவிரல்

எல்ஸ்பெத் சுர்ஃப்ளூ ஒரு ரைபிளை மதிப்பிட உட்காரும்போது முதலில் கண்ணை மூடிக்கொள்வாள். வலது கையைத் துப்பாக்கியின் மரக்கட்டையின் அடிப்பக்கத்தில் வைத்து, குழல் தொடங்கும் இடம்வரை மெதுவாக நகர்த்துவாள். குளிக்கப் போகிறவர்கள் தண்ணீரின் சூட்டைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. உருப்பெருக்கி, விளக்கு, எண் பட்டியல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"இவங்க தூங்குறாங்களா?" என்று ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் என் காதருகே கேட்டார்.

"ஆமா. எழுப்பினா விலை இறங்கிடும்" என்றேன். அவர் கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்காமல் வெளியே போனார்.

தூன் நகரில், ஆரே ஆறு ஏரியை விட்டுப் புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில், பழைய தானியக் கிடங்கு ஒன்றில் எங்கள் ஏலக்கூடம் இருந்தது. வசந்தத்தில் ஒரு ஏலம், நவம்பரில் ஒன்று. வாள், தொப்பி, பதக்கம் எல்லாம் வரும். ஆனால் கூட்டம் வருவது ரைபிள்களுக்காக. எங்கள் பக்கத்து வீடுகளில் குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் அப்பாவின் ராணுவத் துப்பாக்கி ஒன்று நிற்கும். அப்பா போன பிறகு பிள்ளைகள் அதைப் போர்வையில் சுற்றி எங்களிடம் எடுத்து வருவார்கள். எல்ஸ்பெத் அது உண்மையா பொய்யா, எவ்வளவு பெறும் என்று சொல்வாள். நான் படம் எடுத்துப் பட்டியல் புத்தகம் தயாரிப்பேன்.

அவள் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. பிரியென்ஸில் மரச்சிற்பம் படித்தவள். படித்து முடித்துப் பதினோரு வருடம் கரடி செதுக்கினாள். நிற்கும் கரடி, உட்காரும் கரடி, குடை வைக்கத் தோதாகக் கையை நீட்டிய கரடி. மணிக்கட்டு வலி வந்தபோது எங்கள் கூடத்துக்கு நாற்காலி பழுது பார்க்க வந்தாள். கல்யாணம் ஒன்று நடந்து, அந்த ஆள் கனடாவுக்குப் போய், அவரிடமிருந்து வரும் கிறிஸ்துமஸ் அட்டைகளும் நின்று போயிருந்த சமயம் அது. வந்த இரண்டாம் மாதம், அப்போதைய மதிப்பீட்டாளர் 'தொடப்படாத அசல்' என்று எழுதி வைத்திருந்த ரைபிளை மேசையிலிருந்து நகர்த்தி வைக்கப் போனவள், நின்றுவிட்டாள்.

"இதை யாரோ இழைச்சிருக்காங்க" என்றாள். "மரத்துல அடிச்ச முத்திரையோட ஓரம் மழுங்கியிருக்கு. மரம் ஒரு காகிதத் தடிமன் குறைஞ்சு போயிருக்கு."

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசியிருந்தது பிறகு தெரியவந்தது. நாற்காலிகளை வேறு ஆள் பார்க்கத் தொடங்கினார்.

இந்தத் தொழிலில் அழகு ஒரு சந்தேகம். வண்டியிலிருந்து விழுந்த அடி, தோல் பட்டை உரசிய தழும்பு, வியர்வையில் கறுத்த பிடி, இவை எல்லாம் இருந்தால் விலை நிற்கும். அப்பாவின் நினைவாக இருக்கட்டும் என்று மகன் வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்தால் பாதி விலை. எல்ஸ்பெத் அவர்களைத் திட்டமாட்டாள். "நல்ல மனசோட கெடுத்திருக்கீங்க" என்று மட்டும் சொல்வாள்.

லோரென்ஸ் கோபெல்ட் எங்கள் கூடத்துக்கு வந்தது 1999 மே மாதத்தில். புர்க்டோர்ஃப் ஊர்க்காரர். ஓய்வுபெற்ற நில அளவையாளர், மனைவியை இழந்தவர், அறுபத்து மூன்று வயது. பெரிய வீட்டை விட்டுச் சின்னக் குடியிருப்புக்கு மாறுகிறார். ஒரு சுவரில் மாட்ட முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிட வேண்டும். முதலில் அவர் எடுத்து வந்தது தன் சேகரிப்பிலேயே விலை உயர்ந்ததை. எங்கள் ராணுவம் 1931இல் புது மாடல் ரைபிளைச் சோதித்துப் பார்க்க முதலில் கொஞ்சம்தான் செய்தது. பிறகு லட்சக்கணக்கில் செய்தார்கள். அவை எந்த விவசாயி வீட்டிலும் கிடைக்கும், சில நூறு ஃபிராங்குக்கு மேல் போகாது. முதல் தொகுதியில் ஒன்று கிடைத்தால் பதினாலாயிரம் வரை போகும். ஐந்து லட்சத்தில் தொடங்கும் எண்தான் அதற்கு அடையாளம். லோரென்ஸ் பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு வியாபாரியிடம் ஒன்பதாயிரம் கொடுத்து அதை வாங்கியிருந்தார். அந்த வியாபாரி உயிரோடு இல்லை.

அன்று எல்ஸ்பெத் கண்ணை மூடினாள். கை நகர்ந்தது. லோரென்ஸ் ஏதோ சொன்னார். வரைபடத்தில் தான் ஒருமுறை ஒரு குளத்தை விட்டுவிட்டதாகவும், அந்தக் குளத்தின் சொந்தக்காரர் மீனோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டதாகவும். எல்ஸ்பெத் கண்ணைத் திறந்து சிரித்துவிட்டாள். வேலை நேரத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. கை அதற்குமேல் போகவில்லை.

எண்கள் எல்லா இடத்திலும் ஒத்துப்போயின. உடலில், போல்ட்டில், தோட்டாப் பெட்டியில் ஒரே எண். உள்ளே இருந்த சின்ன உதிரிகளும் அந்தக் காலத்தவையே. 'முதல் தொகுதி, அசல்' என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு அவர் அடிக்கடி தூனுக்கு வந்தார். ஏலக் காகிதம் என்பார், ரயில் மாற வேண்டியிருந்தது என்பார். கொட்டை கேக் ஒன்று கையில் இருக்கும். மதியம் இருவரும் ஏரிக்கரையில் நடப்பார்கள். ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, படகுத் துறை உணவகத்தில் வெள்ளை ஒயின் கோப்பைகளை இடித்து, 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு மாறினார்கள். அதை அவளே வந்து என்னிடம் சொன்னாள்.

"அம்பத்தெட்டு வயசுல ஒருத்தர் நம்மளைப் புதுசா 'நீ'ன்னு கூப்பிடுறது எப்படி இருக்குன்னு தெரியுமா, மார்லிஸ்?"

"எப்படி இருக்கு?"

"பஸ்ல தூங்கிட்டு, தெரியாத ஸ்டாப்ல எழுந்திருச்சா இருக்குமே, அப்படி. ஆனா பயமா இல்ல."

அந்தக் கோடை முழுக்க அவள் பாதித் தூக்கத்தில் நடப்பவள் போலவே இருந்தாள். சாவியைச் சர்க்கரை டப்பாவில் போட்டாள். ஜன்னலோரம் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால், தூரத்தில் யாரோ கூப்பிட்டது போலத் திரும்புவாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் செப்டம்பரில் நான் பார்த்ததை இரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பட்டியலுக்காக அந்த ரைபிளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எண் தெளிவாக விழ வேண்டும் என்று விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் திருப்பினேன். படங்கள் கழுவி வந்தன. ஒன்றில், முதல் இலக்கமான ஐந்துக்குள்ளே ஒரு நிழல். உருப்பெருக்கியை வைத்தேன். ஏழின் சாய்ந்த கால். யாரோ பழைய எண்ணை அராவி மழுக்கிவிட்டு, அதன்மேல் புது எண்ணை அடித்திருந்தார்கள். போல்ட்டிலும் தோட்டாப் பெட்டியிலும் அதே வேலைதான்; உதிரிகளையும் தேடிப்பிடித்து மாற்றியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது. சாய்ந்து விழும் வெளிச்சத்துக்கு மட்டும் தெரியும்.

நான் சொல்லாமலிருந்த இரண்டு நாளுக்குள் பட்டியல் அச்சுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் காலை படத்தை அவள் மேசையில் வைத்தேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். வெளியே பனிமூட்டம் இறங்கி ஆறு மறைந்திருந்தது. தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"திங்கக்கிழமை."

"எனக்கு மே மாசமே தெரியும்" என்றாள்.

படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"என் கட்டைவிரலுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அந்த இடத்துல இரும்பு கொஞ்சம் பள்ளமா இருந்துச்சு. நான்தான் அதுகிட்ட என்னன்னு கேக்கல. அவர் குளத்தைப் பத்திச் சொல்லிட்டிருந்தாரு."

எழுந்து போய் ரைபிளை எடுத்து வந்து மேசையில் கிடத்தினாள். கட்டையின் அடியில் இரும்புத் தகடு. அதில் இரண்டு ஸ்க்ரூ. வழக்கமாக அவள் முதல் நாளே திறப்பாள். தகட்டுக்கு அடியில் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் பெயரும் ஊரும் எழுதிய துண்டுச்சீட்டு வைத்திருப்பார்கள். இதை மட்டும் அவள் திறக்கவில்லை.

ஸ்க்ரூக்கள் சுலபமாகக் கழன்றன. சீட்டு இல்லை. எண்ணை மாற்றியவன் அதை எடுத்துவிட்டிருக்கிறான். ஆனால் எப்போதோ அந்தச் சீட்டு நனைந்திருக்க வேண்டும். வால்நட் மரத்தின் மேல் மை இறங்கிப் பதிந்திருந்தது, வெளிர் நீலத்தில், எழுத்தெல்லாம் இடவலம் மாறி.

"கண்ணாடி குடு" என்றாள்.

என் கைப்பையிலிருந்த சின்ன முகக்கண்ணாடியைக் கொடுத்தேன். அதை மரத்தருகே பிடித்தாள். கண்ணாடிக்குள் ஒரு மனிதன் மெல்ல வந்து நின்றான். குளோப்ஃபென்ஸ்டைன், ஆபிரஹாம். பிறந்த வருடம் 21. அடெல்போடன்.

1931இல் செய்த சோதனைத் துப்பாக்கி, 1921இல் பிறந்த ஒரு மலைக்கிராமத்து ஆளுக்குப் பிற்பாடு போயிருக்கவும் கூடும். அதனால் அது மட்டும் போதாது என்றாள். டெலிபோன் புத்தகத்தை எடுத்தாள். அடெல்போடனில் குளோப்ஃபென்ஸ்டைன்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். ஆபிரஹாம் ஒருவர்தான்.

எல்ஸ்பெத்துக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மறுநாள் நான் ஓட்டினேன். ரைபிள் பின்சீட்டில் போர்வைக்குள். ஃப்ரூட்டிகன்வரை பனிமூட்டம், முன்னால் போகும் பால் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு வளைவில் கார் சட்டென்று வெளிச்சத்துக்குள் ஏறியது. கீழே திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கே இல்லை. வெள்ளையாக ஒரு கடல், அதில் மலைகள் தீவு தீவாக. எல்ஸ்பெத் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு, "இப்படியே போய்க்கிட்டே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள்.

ஆபிரஹாம் தன் வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. காது கேட்டது, கேட்காதது போல நடிக்கவும் தெரிந்தது.

"ஏலக்கூடமா? நான் இன்னும் சாகலையே, அம்மா" என்றார்.

"உங்க பேர் ஒரு துப்பாக்கியில இருக்கு. அதைக் காட்டத்தான் வந்தோம்" என்றாள் எல்ஸ்பெத்.

போர்வையைப் பிரித்ததும் அவர் எண்ணைப் பார்க்கவில்லை. துப்பாக்கியின் தோல் பட்டையைத் தூக்கி, அதற்கு அடியில் மரத்தை விரலால் தேடினார். நான்கு சின்னக் கீறல்கள், பக்கத்தில் பக்கத்தில். பட்டியலில் எல்ஸ்பெத் அதை 'பட்டைக்கு அடியில் சிறு தேய்மானம்' என்று எழுதியிருந்தாள்.

"நாலு குளிர்காலம்" என்றார் அவர். "கிரிம்செல் கணவாய்ல. குளிர்காலத்துக்கு ஒண்ணு. யுத்தம் முழுக்க நான் பனிமூட்டத்தைக் காவல் காத்தேன். யாரும் அதைத் திருடல."

பேசிக்கொண்டே உள்ளே அழைத்துப் போய்க் காப்பி போட்டார். கேட்காமலேயே அதில் கொஞ்சம் பழச் சாராயமும் ஊற்றினார். காவல் நிற்கும்போது மூட்டம் சில நாள் முழங்கால்வரை வந்து நிற்குமாம். துப்பாக்கியைக் கீழே சாய்த்து வைத்தால் தேட வேண்டியிருக்குமாம். பக்கத்தில் நின்ற நண்பனின் தலை மட்டும் மிதப்பது போலத் தெரியுமாம். "பேசாம இரு, தலை போயிடப் போகுதுன்னு அவன்கிட்டச் சொல்லுவேன்."

"ஏன் வித்தீங்க?" என்று கேட்டேன்.

"விக்கல. எழுபத்திரண்டாம் வருஷம் ஒருத்தன் ரேடியோவோட வந்தான், மாத்திக்கிட்டேன். என் பொண்டாட்டிக்குப் பாட்டு வேணும்னு ஆசை. ரேடியோ இன்னும் பாடுது. அவதான் இல்ல."

எல்ஸ்பெத் தயங்கித் தயங்கி, சேவைப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டாள். ராணுவத்தில் சேர்ந்த அன்றிலிருந்து எல்லாவற்றையும் எழுதிவைக்கும் அந்தச் சாம்பல் நிறப் புத்தகத்தை எங்கள் ஆட்கள் எறிவதில்லை. பைபிளுக்குக் கீழே இருந்தது. 1941ஆம் வருடப் பக்கத்தில், கொடுக்கப்பட்ட துப்பாக்கியின் எண். ஏழில் தொடங்கியது. லட்சக்கணக்கில் செய்ததில் ஒன்று.

திரும்பும்போது பள்ளத்தாக்குக்குள் இறங்கி மூட்டம் எங்களை மூடிக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

"நல்ல துப்பாக்கி, மார்லிஸ். அவர் கையில இருந்தவரைக்கும் முழுசா இருந்துச்சு. எவனோ அதைப் பெருசாக்கப் போய் ஒண்ணுமில்லாம ஆக்கிட்டான்."

"லோரென்ஸுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா எனக்குச் சுலபமா இருக்கும்."

எங்கள் கூடத்தின் சொந்தக்காரர் ரெஸ் ஸ்டுக்கி கெட்டவர் அல்ல, கவலைப்படுகிறவர். புத்தகம் எண்ணூறு பேருக்குப் போய்விட்டது, ஜெர்மனியிலிருந்துகூட ஆள் வருகிறார்கள் என்றார்.

"சத்தமில்லாம எடுத்துடலாம், எல்ஸ்பெத். இல்லேன்னா 'முதல் தொகுதி எனச் சொல்லப்படுவது'ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாம். மீதியை வாங்குறவன் பாத்துக்கட்டும்."

"அசல்னு எழுதினது நான். அசல் இல்லேன்னும் நானே சொல்றேன்."

"மேடையில நின்னா?"

"மேடையிலதான். புத்தகத்தைப் படிச்சவங்க அங்கதானே இருப்பாங்க."

அதற்கு முன்னால் லோரென்ஸிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேக்கோடு வந்தார். நான் பக்கத்து அறையில் இருந்தேன்; கதவு சரியாக மூடாது. எல்ஸ்பெத் படத்தைக் காட்டியதும், மரத்தில் பதிந்த மையைக் காட்டியதும், ஆபிரஹாமின் நான்கு கீறல்களைப் பற்றியும் அவர் புத்தகத்தில் இருந்த எண்ணைப் பற்றியும் சொன்னதும் கேட்டன.

"பதினஞ்சு வருஷம் சுவர்ல மாட்டி, அதுக்குக் கீழே உக்காந்துதான் சாப்பிட்டேன்" என்றார் அவர்.

"தெரியும்."

"ரெண்டு ஸ்க்ரூ. அதைத் திறக்காம விட்டிருக்கலாம்."

"மே மாசம் விட்டேன், லோரென்ஸ். உனக்காக இல்ல, எனக்காக. அதுதான் தப்பு."

நாற்காலி நகர்ந்தது. "நீங்க உங்க வேலையைச் செஞ்சீங்க, திருமதி சுர்ஃப்ளூ" என்றார். அந்த 'நீங்க' பக்கத்து அறையில் இருந்த என்மேலும் குளிர்ந்து விழுந்தது.

நவம்பர் ஏலத்துக்கு அவரும் வந்திருந்தார், மூன்றாவது வரிசையில். பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டாவதாக இருந்த அந்த ரைபிளின் முறை வந்தபோது ரெஸ் ஏலச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கினார். எல்ஸ்பெத் ஏறினாள். பெரிய கூட்டத்தில் அவள் பேசிக் கேட்டதில்லை. குரல் சின்னதாக இருந்தது. எல்லாரும் அசையாமல் உட்கார்ந்ததால் கேட்டது.

"இந்த ரைபிள் புத்தகத்துல முதல் தொகுதின்னு இருக்கு. அது சரியில்ல. எண் மாத்தி அடிச்சது. இதைக் கொண்டுவந்தவர் நம்பி வாங்கினவர், அவருக்குத் தெரியாது. நான் திறந்து பாக்க வேண்டியதைப் பாக்கல. தப்பு என்னோடது. இது விலக்கப்படுது."

கீழே இறங்கினாள். லோரென்ஸ் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார். மறுவாரம் ஆள் அனுப்பித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் எல்ஸ்பெத் நன்றாகத்தான் வேலை செய்தாள். இரண்டு சேகரிப்பாளர்கள் எங்களை விட்டுப் போனார்கள். நான்கைந்து பேர், மேடையில் நின்று சொன்ன அந்த அம்மாவே பார்க்க வேண்டும் என்று புதிதாக வந்தார்கள். மதியம் ஏரிக்கரைக்குத் தனியாகப் போவாள். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பலாகக் கலந்து கிடக்க, வாத்துகள் எதன்மேல் நீந்துகின்றன என்று தெரியாது. அவள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். சில நாள் மூட்டம் பெஞ்சையும் எடுத்துக்கொள்ளும். அவள் திரும்பி வருவாளா என்று அர்த்தமில்லாமல் எனக்குக் கவலை வரும்.

மார்ச்சில், கூரைகளிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், லோரென்ஸ் வந்தார். இளைத்திருந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"அந்தப் பெரியவரோட விலாசம் வேணும்."

"எதுக்கு?"

"துப்பாக்கியைத் திருப்பிச் சுவர்ல மாட்டினேன். மாட்டிட்டு அதுக்குக் கீழே உக்காந்து சாப்பிட்டேன். பழையபடி இருக்கும்னு நெனச்சேன். சூப்பைக் கையில வெச்சுக்கிட்டு அந்த நாலு கீறலைப் பத்தியே யோசிச்சிட்டு இருக்கேன். நாலு வருஷம் ஒரு மனுஷன் குளிர்ல நின்னதை நான் தேய்மானம்னு நெனச்சிருக்கேன்."

"விலாசம் அவகிட்டதான் இருக்கு" என்றேன். அது பொய், என் டைரியிலும் இருந்தது.

எல்ஸ்பெத் உள்ளே ஒரு பழைய குதிரைப்படைத் துப்பாக்கியின்மேல் கைவைத்திருந்தாள், கண் மூடியபடி. லோரென்ஸ் வாசற்படியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. குளத்தைப் பற்றியும் பேசவில்லை. அவள் கண் திறந்தபோது, தன் முன் நிற்பவர் இருக்கிறாரா இல்லையா என்று நிச்சயமில்லாதது போலப் பார்த்தாள்.

"அதுக்கு இப்போ என்ன மதிப்பு? எழுதிக் குடு" என்றார் அவர்.

ஒரு தாளை எடுத்து எழுதினாள். 'எண் மாற்றப்பட்டது. சேகரிப்பு மதிப்பு இல்லை. உதிரிகளுக்காக இருநூறு ஃபிராங்க்.' கையெழுத்தும் தேதியும் போட்டு நீட்டினாள்.

அவர் படித்தார். "கொஞ்சம்கூடக் கூட்டிப் போடமாட்ட, இல்ல?"

"மாட்டேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு வெளியே வர வழி தெரியாமல் கொஞ்சம் தடுமாறிவிட்டு வந்தது.

மூவரும் அடெல்போடனுக்குப் போனோம். ஆபிரஹாம் லோரென்ஸைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "ஒன்பதாயிரமா? அந்தக் காசுக்கு என்னையே வித்திருப்பேனே" என்றார். லோரென்ஸ் துப்பாக்கியைத் திருப்பி நீட்டியபோது, சும்மா கொடுப்பதை வாங்க மாட்டேன் என்றார். கடைசியில், தான் உயிரோடு இருக்கும்வரை வருடத்துக்கு ஒன்று, வண்டிச் சக்கரம்போல் முழுப் பாலாடைக்கட்டி தருவதாக ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆபிரஹாம் தாளைச் சேவைப் புத்தகத்துக்குள் வைத்தார். பென்சில் எடுத்து, 1941க்கான வரிக்கு அருகில் புது எண்ணையும் எழுதிக்கொண்டார். "பேரை மாத்திக்கிட்டு வந்திருக்கு. வரட்டும்" என்றார்.

மே மாதக் கடைசியில் ஊர் ஊராக நடக்கும் களச் சுடுதல் போட்டிக்கு அவர் பதிவு செய்தார். இருபத்தெட்டு வருடம் கழித்து. நாங்களும் போனோம். புல்வெளியில் டேன்டேலியன் பூக்கள் மஞ்சளாகக் கிடந்தன. அவற்றுக்கு அப்பால் வெள்ளைப் பலகைகள். ஆபிரஹாமைப் படுக்க வைக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. படுத்த பிறகு அவருக்கு வயதே தெரியவில்லை. பதினெட்டுக் குண்டு. ஒவ்வொன்றுக்கும் பிறகு மலை ஒருமுறை திருப்பிச் சொன்னது. பதக்கத்துக்கு இரண்டு புள்ளி குறைந்தது.

"எவனோ குழலுக்குப் பாலிஷ் போட்டு வெச்சிருக்கான், படுபாவி. வெயில் கண்ணுல அடிக்குது" என்றார். ஆனால் முகம் அப்படிச் சொல்லவில்லை. பிறகு எல்ஸ்பெத்தைப் பார்த்து, "இத்தனை வருஷம் தடவிப் பாத்தது போதும், ஒரு தடவை சுட்டுப் பாரும்மா" என்றார்.

அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். பாவாடையைச் சரிசெய்துகொண்டு பாயில் படுத்தாள். லோரென்ஸ் பக்கத்தில் முழங்காலிட்டுத் தோளில் சரியாகப் பொருத்திவிட்டார். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பலகையைப் பார்க்கிறாளா, அதற்கும் அப்பால் மேகத்தைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு வெடித்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றார் லோரென்ஸ்.

"தோள்ல யாரோ தட்டிக் கூப்பிட்ட மாதிரி. யாருன்னு திரும்பிப் பாக்கணும்போல இருந்துச்சு."

குண்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. குறி காட்டும் ஆள் பலகையையும் பக்கத்துப் பலகையையும் தேடிவிட்டு, எதிலும் படவில்லை என்று கொடியை ஆட்டினார்.

எல்ஸ்பெத்தும் லோரென்ஸும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள். லோரென்ஸின் மீதிச் சேகரிப்பு வேறு ஊரில் ஏலம் போனது, அவருடைய பொருள் எதையும் இனித் தொடமாட்டேன் என்று எல்ஸ்பெத் சொல்லிவிட்டதால். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மாலை, ஆற்றின் மரப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெயிலுக்கு ஊரே தண்ணீரில் இருந்தது. மேலேயிருந்து மிதந்து வருபவர்களில் இரண்டு நரைத்த தலைகள். துணிகள் வைத்து இறுக்கிக் கட்டிய பை ஒன்றை இருவரும் ஆளுக்கொரு கையால் பிடித்திருந்தார்கள். நீந்தவில்லை, ஆறு கொண்டுபோனது. கூப்பிடலாமா என்று நினைத்தேன். எல்ஸ்பெத் மல்லாந்து, காதுவரை தண்ணீருக்குள் இருந்தாள், கேட்டிருக்காது. பாலத்துக்கு அடியில் நிழலுக்குள் போய், மறுபக்கம் பச்சை வெளிச்சத்தில் வந்து, வளைவில் திரும்பினார்கள்.